தகராறு

கர்நாடகத்தின் ஹனூர் தாலுகா அலுவலக வராந்தாவில் அரை மணி நேரம் நின்றால் போதும், ஒரே சொல் இரண்டு மொழிகளில் இரண்டு வேலை பார்ப்பது காதில் விழும். கன்னடத்தில் ஒருவர் ‘தகராரு அர்ஜி’ கொடுத்தேன் என்பார். அண்ணன் பேருக்கு நிலத்தின் காத்தா, அதாவது வருவாய்ப் பதிவு, மாறுவதில் அவருக்கு ஆட்சேபம். அதை எழுதிக் கொடுத்து, முத்திரை விழுந்த நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். முகத்தில் கோபம் ஏதும் இல்லை. இரண்டு படி தள்ளி நிற்கும் தமிழ்க்காரர் தன் ஊர்க்காரரிடம் ‘பங்காளிங்களுக்குள்ள தகராறு’ என்பார். அதில் கைகலப்பு இருக்கும், மண்டை உடைந்திருக்கவும் கூடும். கன்னடக்காரரின் தகராறு காகிதத்தில் நடக்கிறது. தமிழ்க்காரரின் தகராறு வாசலில் நடக்கிறது.

இந்த ஊர் அடங்கிய கொள்ளேகால் வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997-இல் சாமராஜநகர் மாவட்டம். அண்மையில் கொள்ளேகாலிலிருந்து பிரிந்து ஹனூர் தனித் தாலுகா ஆனது. கோபிநத்தத்திலும் மாதேஸ்வரன் மலையைச் சுற்றிய ஊர்களிலும் இன்றும் பல வீடுகளில் தமிழ், பள்ளியில் கன்னடம். பெயர்ப் பலகைகள் மாறிக்கொண்டே இருந்தன. தகராறு மட்டும் இரண்டு மொழிக்காரர் வீட்டிலும் குடியிருந்தது.

இந்தச் சொல்லின் பின்னால் நான் போகக் காரணம் செய்தித்தாள். ‘குடும்பத் தகராறில் மனைவியை வெட்டிய கணவர் கைது’ என்ற மாதிரித் தலைப்பை நாம் எத்தனை ஆயிரம் முறை வாசித்திருக்கிறோம்! ஒருவர் வெட்டினார், ஒருவர் வெட்டுப்பட்டார். ஆனால் தகராறு என்று சொன்னதும் இருவர் வந்துவிடுகிறார்கள். ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பது போல, தகராறுக்கு இரண்டு தரப்பு வேண்டும். வெட்டுப்பட்டவள் பிணவறையில் கிடக்கும்போதே அவளுக்கும் அதில் பாதிப் பங்கைத் தலைப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறது. இந்த வேலையைச் செய்யும் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அது பிறந்த வீட்டில் சண்டை என்ற பொருளே இல்லை.

அரபியில் ‘தக்ரார்’ என்றால் திரும்பச் செய்தல். ஒரு செயலை மறுபடி மறுபடி செய்வதற்கும், ஒரு சொல்லை மறுபடி மறுபடி சொல்வதற்கும் அங்கே அதுதான் பெயர். பாரசீகத்தில் இன்றைக்கும் அதே பொருள். துருக்கியில் ‘தெக்ரார்’ என்றால் ‘மீண்டும்’. நம் நாட்டு உருது மதரஸாக்களில் ஆசிரியர் நடத்திய பாடத்தை மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து திரும்பச் சொல்லிப் பார்ப்பார்களே, அதற்கும் தக்ரார் என்றே பெயர். அந்தப் பிள்ளைகள் சண்டை போடுவதில்லை, மனப்பாடம் செய்கிறார்கள். உருதுவிலும் இந்தியிலும்தான் பொருள் மெல்லத் திரும்பியது. சொன்னதையே இவர் சொல்ல, அவரும் சொன்னதையே சொல்ல, திரும்பச் சொல்லுதல் வாக்குவாதம் ஆனது. மராத்தியில் வேறு பக்கம் போனது. அங்கே ‘தக்ரார்’ என்றால் புகார். கன்னடத்தில் ஆட்சேபம், தடை மனு. தமிழுக்கு வரும்போது வாக்குவாதம் கைகலப்பு வரைக்கும் முற்றிவிட்டது. பிறகு வண்டி கிளம்பாவிட்டால் ‘வண்டி தகராறு பண்ணுது’ என்றும், கடன்காரர் இழுத்தடித்தால் ‘பணம் கொடுக்கத் தகராறு பண்றான்’ என்றும் பேச்சில் கிளை விட்டது.

தகராறு தமிழுக்கு வந்தது நிர்வாகம் பாரசீகச் சொற்களில் நடந்த காலத்தில். ஆற்காட்டு நவாபின் கச்சேரி ஒரு பக்கம், தஞ்சை மராட்டியரின் தர்பார் இன்னொரு பக்கம், கொங்கு நாட்டை 1799 வரை ஆண்ட ஹைதரும் திப்புவும் வேறொரு பக்கம். வசூல், பாக்கி, ஜப்தி, வக்கீல், தாசில்தார், ராஜி எல்லாம் தகராறுடன் ஒரே வண்டியில் ஏறிய சொற்கள். இவற்றில் ராஜி என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தகராறு எங்கே உண்டோ அங்கே ராஜி பின்னாலேயே வரும். ‘ராஜியாப் போயிடுங்க’ என்று ஊர்ப் பெரியவர் சொல்வதும், காவல் நிலையத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் கணவனையும் அந்தப் பக்கம் மனைவியையும் உட்கார வைத்துப் பேசி அனுப்புவதும், தகராறு என்ற பெயரிலிருந்தே கிளம்புகின்றன. நிலத் தகராறில் ராஜி நல்ல வழி. வரப்பை ஒரு அடி தள்ளிப் போட்டால் தீர்ந்தது. அடி வாங்கிய உடம்பில் வரப்பை எங்கே தள்ளிப் போடுவது?

எழுத்திலும் ஒரு வேடிக்கையான தடயம் உண்டு. கன்னடம் இதை ‘தகராரு’ என்று சாதாரண ரகரத்தில் எழுதுகிறது. மூலச் சொல்லுக்கு அதுதான் நெருக்கம். தமிழ் மட்டும் வல்லின றகரம் போட்டது. வரலாறு, கோளாறு என்று ‘ஆறு’வில் முடியும் சொந்தச் சொற்கள் வரிசையாக இருக்க, வந்த விருந்தாளியையும் தமிழ்க் காது அந்தப் பந்தியிலேயே உட்கார வைத்துவிட்டது என்று நினைக்கிறேன். வரல் என்பதோடு வழி என்னும் ஆறு சேர்ந்தால் வரலாறு. கோள் என்பதோடு சேர்ந்தால் கோளாறு. தகராறுக்கு அப்படி வழி ஏதும் கிடையாது. இருந்தும் அந்த றகரத்தால் அது நூறு தலைமுறைத் தமிழ்ச் சொல் போல நிற்கிறது. குடும்பம் இருந்தால் தகராறு இருக்கத்தானே செய்யும் என்று நாம் சொல்லும்போது, சங்க காலம் தொட்டு வந்த இயற்கை ஒன்றைச் சொல்வது போலத் தோன்றுவதில் அந்த எழுத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

செய்தித்தாளின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். குற்றச் செய்திப் பக்கத்தில் கூலித் தொழிலாளி மனைவியை அடித்தால் தகராறு. விளையாட்டுப் பக்கத்தில் வீரர் மீது அதே புகார் வந்தால் ‘சர்ச்சை’. கூலிக்காரருக்கு ஊர், வயது, தொழில், அன்றைக்குக் குடித்திருந்தாரா என்பது வரை அச்சேறும். வீரருக்கு ‘சொந்த வாழ்க்கைச் சர்ச்சை’, ‘ஆடுகளத்துக்கு வெளியே சர்ச்சை’. சர்ச்சை வடமொழி. விவாதம் என்ற பொருள் நமக்குத் தெரியும். வேதம் ஓதும் மரபில் அதற்கு இன்னொரு பொருள் இருந்தது: ஓதும்போது ஒரு சொல்லைத் திரும்பச் சொல்லுதல். அரபியிலிருந்து வந்த தகராறு, சமஸ்கிருதத்திலிருந்து வந்த சர்ச்சை, ஒன்று ஏழை வீட்டு அடிக்கு, ஒன்று பணக்கார வீட்டு அடிக்கு. இரண்டும் வேரில் ‘திரும்பத் திரும்ப’ என்றே சொல்கின்றன. அடி வாங்கும் பெண்களிடம் கேட்டால் அவர்கள் முதலில் சொல்வதும் அதுதான். ஒரு நாளில் நடந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

விளையாட்டை வாய்மொழியாகச் சொல்வதற்குத் தமிழில் வர்ணனை என்று பெயர் வைத்தார்கள். வர்ணம் என்ற நிறமும், வர்ணம் என்ற பிறப்புப் பிரிவும், வர்ணனையும் ஒரே குடும்பம். வர்ணிப்பவர் நிறம் பூசுகிறார். யாருடைய வன்முறைக்கு எந்த நிறம் பூசுகிறார் என்பதை இரண்டு கிரிக்கெட் கதைகளை அருகருகே வைத்தால் காணலாம்.

ஜமைக்காவின் லெஸ்லி ஹில்டன் வேகப்பந்து வீச்சாளர். கறுப்பர், ஏழை வீட்டுப் பிள்ளை. 1935-இலிருந்து 1939 வரை மேற்கிந்தியத் தீவுகளுக்காக 6 டெஸ்ட் ஆடினார். 1954-இல் மனைவி லர்லீனைச் சுட்டுக் கொன்றார். 1955 மே 17 அன்று தூக்கிலிடப்பட்டார். தூக்கிலிடப்பட்ட ஒரே டெஸ்ட் வீரர் அவர். அதே மாதம் பார்படாஸில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் ஜே. கே. ஹோல்ட் என்ற ஜமைக்க வீரர் கேட்சுகளைத் தவறவிட்டார். ஹோல்டைத் தூக்கில் போடுங்கள், ஹில்டனைக் காப்பாற்றுங்கள் என்று கூட்டத்தில் அட்டை பிடித்தார்கள். கிரிக்கெட் துணுக்குகளில் எழுபது ஆண்டுகளாக உயிரோடு இருப்பது இந்த அட்டைதான். வினாடி வினாவில் ஹில்டனின் பெயர் விடையாக வரும். லர்லீனின் பெயர் வினாவில்கூட வராது. ஒரு பெண் கொலையுண்ட கதை, கேட்ச் விட்ட கதையாக வர்ணிக்கப்பட்டுவிட்டது.

இன்னொருவரை நம் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆண்டுக்கணக்கில் கேட்டிருக்கிறோம். இங்கிலாந்தின் முன்னாள் தொடக்க ஆட்டக்காரர் ஜெஃப்ரி பாய்காட். 1996-இல் பிரான்சின் ஆன்டிப் நகர விடுதியில் தன் காதலி மார்கரெட் மூரைத் தாக்கியதாக வழக்கு. 1998-இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது: மூன்று மாத ஒத்திவைத்த சிறை, 50,000 பிராங்க் அபராதம். மேல்முறையீட்டிலும் தோற்றார். தான் அடிக்கவில்லை என்பதே அன்று முதல் அவர் நிலை. வர்ணனை வேலைகள் போயின. சில ஆண்டுகளில் திரும்பி வந்தன. 2017-இல் ஒரு நிகழ்ச்சியில், மேற்கிந்திய வீரர்களுக்கு ‘சர்’ பட்டம் வாரி வழங்கப்படுகிறது, எனக்கு வேண்டுமானால் முகத்தில் கறுப்புப் பூசிக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசினார். எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டார். 2019-இல், முகத்தில் எதையும் பூசிக்கொள்ளாமலே, தெரசா மே பதவி விலகும்போது கொடுத்த கௌரவப் பட்டியலில் அவருக்குச் ‘சர்’ பட்டம் கிடைத்தது. பெண்களுக்கான உதவி அமைப்புகள் கண்டித்தபோது, அது பழைய கதை, எனக்குக் கவலையில்லை என்ற தொனியில் வானொலியில் பதில் சொன்னார்.

ஹில்டன் கொலைகாரர், பாய்காட் செய்ததாக நீதிமன்றம் சொன்னது தாக்குதல். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, வைக்கவும் இல்லை. நான் கேட்பது வர்ணனையைப் பற்றி. கறுப்பரின் கதையில் வன்முறை அவருடைய அடையாளமாகவே நிலைத்தது. வெள்ளையரின் கதையில் அது வாழ்க்கைக் குறிப்பின் ஓரத்தில் ஒரு ‘சர்ச்சை’. இரண்டிலும் பெண் காணோம்.

அமெரிக்காவில் 2014-இல் இது வேறு விதமாக வெடித்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ரே ரைஸ் அட்லாண்டிக் சிட்டி விடுதியில் தன் வருங்கால மனைவியை அடித்தார். அவருடைய லீக் முதலில் கொடுத்த தண்டனை இரண்டு ஆட்டத் தடை. அடித்த காட்சியின் காணொளி செப்டம்பர் 8 அன்று வெளிவந்த பிறகே அவரை அணி நீக்கியது. இடையில் ஜூலையில், ஸ்டீஃபன் ஏ. ஸ்மித் என்ற கறுப்பின விளையாட்டுப் பேச்சாளர், பெண்கள் தூண்டிவிடாமல் இருக்க வேண்டும் என்ற தொனியில் பேசி, தொலைக்காட்சியால் ஒரு வாரம் நிறுத்திவைக்கப்பட்டார். தூண்டுதல் என்றாலே இரண்டு தரப்பு வந்துவிடும். நம் தகராறின் ஆங்கில உடன்பிறப்பு அது. கறுப்பு வீரர் என்றதும் பேச்சு இனத்தின் வளர்ப்பு முறை பக்கம் திரும்புவதும், அதை எதிர்ப்பவர்கள் தம் இனத்தைக் காக்கும் அவசரத்தில் அடிபட்ட கறுப்புப் பெண்ணை மறப்பதும் அந்த ஆண்டு முழுக்க நடந்தன.

நம்மிடம் நிறத்தின் இடத்தில் மதமும் சாதியும் வர்க்கமும் உட்கார்ந்திருக்கின்றன. 2018 மார்ச்சில் கிரிக்கெட் வீரர் முகமது ஷமி மீது அவர் மனைவி வன்முறைப் புகார் கொடுத்தார். ஷமி எல்லாவற்றையும் மறுத்தார். குற்றம் நிரூபிக்கப்பட்டதாக நான் எழுதவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. கிரிக்கெட் வாரியம் அவருடைய ஒப்பந்தத்தை நிறுத்திவைத்து, ஊழல் தடுப்புப் பிரிவிடம் ஒன்றை மட்டும் விசாரிக்கச் சொன்னது: மனைவி கூடவே சொன்ன பணப் புகாரில் ஆட்ட மோசடி உண்டா? இல்லை என்று அறிக்கை வந்ததும் அதே மாதத்தில் ஒப்பந்தம் கிடைத்தது. வன்முறையைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும், ஆட்டத்தை வாரியம் பார்த்துக்கொள்ளும் என்பது ஒரு நியாயம்தான். ஆனால் விளையாட்டுப் பக்கங்களும் ‘ஷமிக்கு நிம்மதி’ என்ற தொனியில் விஷயத்தை அங்கேயே முடித்தன. 2021 அக்டோபரில் பாகிஸ்தானிடம் தோற்ற அன்றைக்கு அதே ஷமியை மதத்தைச் சொல்லி ஏசினார்கள். கேப்டன் விராட் கோலி வெளிப்படையாக அவர் பக்கம் நின்றார். மதத்தைச் சொல்லி ஒரு வீரரைத் தாக்குவதை எதிர்க்க நமக்கு இன்று சொற்கள் இருக்கின்றன. அதே உறுதியோடு ஒரு மனைவியின் புகாரை, வீரரை முன்கூட்டியே குற்றவாளி ஆக்காமல், கேட்டுக்கொள்வதற்கான சொற்கள் விளையாட்டுப் பக்கத்தில் இன்னும் வரவில்லை.

டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் விஷயத்தில் நீதிமன்றமே பேசியது. அவருடன் வாழ்ந்த ரியா பிள்ளை 2014-இல் தொடர்ந்த வழக்கில், 2022 பிப்ரவரியில் மும்பை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் பயஸ் குடும்ப வன்முறைச் செயல்கள் புரிந்ததாகக் கண்டு, பராமரிப்புத் தொகையும் வாடகையும் கொடுக்க உத்தரவிட்டது. 2024-இல் அவர் சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது நான் வாசித்த தமிழ்ச் செய்திகளில் 1996 அட்லாண்டா வெண்கலம் இருந்தது, அந்தத் தீர்ப்பு இல்லை.

அந்தத் தீர்ப்பில் வந்த ‘குடும்ப வன்முறை’ என்ற பெயருக்கும் ஒரு பயணம் உண்டு. அமெரிக்க அரசமைப்புச் சட்டம் 1787-இலேயே ‘டொமஸ்டிக் வயலன்ஸ்’ என்று எழுதியது. அங்கே அதற்குப் பொருள் நாட்டுக்குள் எழும் கலகம். மாநிலங்களை அதிலிருந்து காக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக்குள் நடக்கும் அடிக்கு அந்தப் பெயர் ஒட்டியது 1970-களில்தான், பிரிட்டனில் அடிபட்ட பெண்களுக்கான புகலிடங்கள் தொடங்கிய பிறகு. இப்போது ஹனூர் டீக்கடையில் கிடக்கும் கன்னடச் செய்தித்தாளைப் பாருங்கள். நம் ‘குடும்பத் தகராறு’க்கு அவர்கள் எழுதுவது ‘கௌடும்பிக கலஹ’. அந்தக் கலஹமும் நம் கலகமும் ஒரே சொல். கன்னடத்தில் அது சச்சரவு என்ற அளவில் நிற்க, தமிழில் கிளர்ச்சி ஆனது. அமெரிக்காவில் கலகமாக இருந்தது வீட்டு அடியாக மாறியது. நம் எல்லையில் வீட்டு அடிக்கு இன்னும் கலகம் என்று பெயர். கலகம் என்றால் யார் கலகம் செய்தார் என்ற கேள்வி எழும். தாக்கப்பட்டவளைக் கேட்காமலே அவள் மீதும் அந்தச் சந்தேகம் விழும்.

சட்டம் வைத்த பெயர்கள் வேறு. 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு வந்தபோது தமிழில் கிடைத்த சொல் கொடுமை. இப்போது அது பாரதிய நியாய சம்ஹிதாவின் 85, 86 பிரிவுகளில் இருக்கிறது. கொடுமை நல்ல சொல்; அதில் செய்தவர் ஒருவர், பட்டவர் ஒருவர். ஆனால் வரதட்சணையோடு அது இறுக ஒட்டிக்கொண்டு ‘வரதட்சணைக் கொடுமை’ ஆகிவிட்டதால், வரதட்சணை கேட்காமல் அடிப்பவன் அதற்குள் அடங்கமாட்டான் என்ற எண்ணம் பரவியது. 2005-இல் இயற்றி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ‘குடும்ப வன்முறை’ என்றது. உடல், பாலியல், சொல், மனம், பணம் என்று எல்லா வழியிலும் வரும் துன்பத்தை அந்த ஒரு பெயருக்குள் கொண்டுவந்தது. கன்னட அரசு மொழியில் அது ‘கௌடும்பிக தௌர்ஜன்ய’. துர்ஜனம், அதாவது தீயவன், செய்வது தௌர்ஜன்யம். செய்தவனைச் சுட்டும் சொல் அது. டீக்கடைச் செய்தித்தாளில் கலஹம், அரசுப் பலகையில் தௌர்ஜன்யம்.

தமிழின் வன்முறையில் எனக்குப் பிடித்தது ‘முறை’ என்ற பாதி. முறை என்றால் ஒழுங்கு. உறவும் முறைதான்: அத்தை முறை, மாமன் முறை, முறைப்பெண். எத்தனை தடவை என்பதும் முறை: ஒரு முறை, பல முறை. நியாயம் கேட்டுப் போவது முறையீடு. உறவுக்காரர் திரும்பத் திரும்பச் செய்வதும், அதை எதிர்த்து முறையிடுவதும் இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே கிடக்கின்றன. அரபியில் திரும்பச் செய்தலாகவும் மராத்தியில் புகாராகவும் தக்ரார் பிரிந்து நிற்பதைத் தமிழின் முறை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. அந்தச் சொல் கைவசம் இருக்கும்போது நாம் தகராறைத் தலைப்பில் வைக்கிறோம்.

ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்கள் கர்நாடகத்தில் 44.4 சதவீதம். முந்தைய கணக்கெடுப்பில் அது 20.6. தமிழ்நாட்டில் 38.1. நாடு முழுவதற்கும் 29.3. எல்லைக் கோட்டின் இரண்டு பக்கமும் நாட்டுச் சராசரிக்கு மேலேதான். ஹனூரைப் போன்ற ஊரில் ஒரு தெருவில் நடந்து போகும்போது இந்த எண் வேறு மாதிரி உறைக்கிறது. இரண்டு வீட்டைத் தாண்டினால் ஒன்று என்று மனசு எண்ணத் தொடங்கிவிடும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். தமிழ் வாசிப்பார், கன்னடம் பேசுவார், கன்னட எழுத்து தெரியாது. மூன்றாம் தடவை காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனபோது துணைக்கு என்னை அழைத்தார். எழுதுபவர் நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகவே கேட்டார். பழைய பதிவைப் புரட்டினார். புதிய வரியை எழுதி, துண்டுக் காகிதத்தில் அதையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். வெளியே வேப்பமரத்தடியில் அக்கா அதை என்னிடம் நீட்டினார்.

“என்ன எழுதியிருக்காருங்க தம்பி?”

“‘மத்தெ தகராரு’ன்னு இருக்குங்கக்கா. மறுபடியும் தகராறுன்னு.”

அவர் அதை வாங்கி அந்த எழுத்துத் தெரியாத கண்ணால் ஒரு முறை பார்த்தார். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்தார்.

“தகராறெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நான் ஒரு வார்த்தை பேசல. அடின்னு எழுதச் சொல்லுங்க.”

திரும்ப உள்ளே போனோம்.